பின்சீட்டில் ஒரு மணல் மூட்டை

என் அக்கா வீட்டுக்காரரை பஸ் டிப்போவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ரெண்டு நிமிஷம்’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடுவது அவர் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், ஓட்டுநர் எங்கே டீ குடிக்க வேண்டும் என்று கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதி எழுதியே முப்பத்து நாலு வருஷத்தைக் கழித்தவர். கணக்குப்படி வருகிற நேரத்தோடு எல்லா நிறுத்தத்துக்கும் இரண்டு நிமிஷம் கூடச் சேர்த்துவிடுவார். முழங்கால் வலிக்காரர்கள் படியேற அவ்வளவு நேரம் ஆகும் என்பார். ஓட்டுநர்களுக்கு அந்த இரண்டு நிமிஷத்தின் மேல் தீராத கடுப்பு. எனக்கும்தான். நானும் ஸ்டியரிங் பிடித்துப் பிழைக்கிறவன். சொந்தமாக ஒரு வாடகை வேன் வைத்திருக்கிறேன். ஒரு தடவை கிளம்பிவிட்டால் போய்ச் சேருகிற வரைக்கும் நிற்கப் பிடிக்காது எனக்கு.

அத்தானைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் சிரிப்புக்கு உரிய விஷயங்கள்தான் முதலில் வரிசை கட்டி நிற்கின்றன. கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரு கார் பிடித்து, அவர் வீட்டிலிருந்து மண்டபத்துக்குத் தனியாக ஒருமுறை போய்த் திரும்பினாராம். எத்தனை சிக்னல், எங்கே நெரிசல் என்று பார்க்கவேண்டுமே. மறுநாள் சொன்ன நேரத்துக்கு வந்து இறங்கியவர் அவர் ஒருவர்தான். எங்கள் பக்கத்து ஆட்களே முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தோம். அக்கா அதைச் சொல்லிச் சொல்லி எங்களை வாரிக்கொண்டிருப்பாள்.

இந்த ஒத்திகை புத்தி அவருக்குச் சும்மா வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வரைபடத்தை மட்டும் பார்த்து ஒரு வழித்தடத்துக்கு அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார். முதல் நாளே ஒரு வளைவில் பஸ் திரும்ப முடியாமல், பின்சக்கரம் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கடைசி சீட்டில் இருந்த ஒரு தையற்காரருக்கு இடுப்பு எலும்பு முறிந்து, கடைசிவரை கோல் ஊன்றித்தான் நடந்தார். அந்த மனிதர் இருந்தவரைக்கும் மாதம் ஒருதடவை அத்தான் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். அதற்கப்புறம் வெள்ளோட்டம் போகாமல் ஒரு வழித்தடத்திலும் அவர் ஆள் ஏற்ற விட்டதில்லை.

வெள்ளோட்டம் என்றால் காலி வண்டி என்று நினைத்துவிடக் கூடாது. ஏற்றத்தில் காலி வண்டி ஒரு மாதிரி இழுக்கும், ஆள் நிறைந்த வண்டி வேறு மாதிரி இழுக்கும். அதனால் சீட்டுக்கு ஒரு மணல் மூட்டை என்று வைத்து, சராசரி ஆள் எடைக்கு நிரப்பி ஓட்டுவார்கள். அத்தான் ஓட்டுநர் பக்கத்தில் ஸ்டாப்வாட்சும் நோட்டுமாக உட்காருவார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி நிற்கும். யாரும் ஏறமாட்டார்கள், இறங்கமாட்டார்கள். எழுதிய நேரம் முடிந்ததும் அவர் விசில் ஊதுவார், வண்டி கிளம்பும். வழியில் பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும். ஆனால் அவர் போட்ட வழித்தடங்களில் அப்புறம் ஒரு விபத்துகூட நடந்ததில்லை. அதையும் நான் சொல்லியாக வேண்டும்.

அக்கா மீன் ஏற்றுமதி செய்கிற ஒரு கூடத்தில் வேலை பார்த்தாள். மேலே குளிர்க்காற்று, கீழே ஈரத் தரை, முன்னால் மேஜை நிறைய நொறுக்கிய ஐஸ். ரப்பர் பூட்ஸும் இரண்டு ஜோடி கையுறையும் போட்டுக்கொண்டு நாளைக்கு எட்டு மணி நேரம் மீனை ரகம் பிரித்து, ஐஸ் போட்டுப் பெட்டியில் அடுக்க வேண்டும். இருபத்தாறு வருஷம் அடுக்கினாள். அந்தக் கூடத்துச் சுவரில் எப்போதோ யாரோ மாட்டிய ஒரு காலண்டர் இருந்தது. அதன் டிசம்பர் படத்தில் இமயமலைச் சரிவில் ஒரு சின்ன ஊர். கூரையெல்லாம் பனி. வளைந்து வளைந்து மேலே போகிற ஒரு சாலை. வருஷம் முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறாத ஒரே இடத்தில் அதை ஒட்டினாள்.

நாள் முழுக்க ஐஸ்லேயே நிற்கிறவளுக்குப் பனியைப் பார்க்க என்ன ஆசை என்று நான் ஒருநாள் கிண்டல் செய்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

“குளிர்ல நின்னு வேலை செஞ்சே பழகிடுச்சுடா. வேலை இல்லாத குளிர் எப்படி இருக்கும்னு ஒருதடவை பாக்கணும். கைய பாக்கெட்ல விட்டுட்டு சும்மா நிக்கணும்” என்றாள்.

அத்தான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே ஒரு பெரிய வரைபடம் வாங்கி வந்து படுக்கையறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டார். அங்கே ஆரம்பித்தது அவருடைய வாழ்நாள் வழித்தடம். எங்கள் ஊரிலிருந்து மலையடிவாரத்துக்கு நாலு நாள் ஓட்டம். அதற்கு மேலே ஏழு ஊர்கள். மலையூர்களின் பெயர்கள் வாயில் நுழையாததால் நிறுத்தங்களுக்கு வைப்பதுபோல் அவரே பெயர் வைத்துக்கொண்டார். பாலத்து ஊர், படிக்கட்டு ஊர், மரவீட்டு ஊர், ஆஸ்பத்திரி ஊர் என்று போகும். ஏழாவதுதான் காலண்டர் ஊர். அது நிஜமாகவே அந்தப் படத்தில் இருக்கிற ஊர்தானா என்பது யாருக்கும் தெரியாது. அக்கா ஆம் என்று சொல்லிவிட்டாள், அத்தான் எழுதிக்கொண்டார்.

இன்னொரு விஷயமும் அந்த நோட்டில் இருந்தது. அக்காவுக்கு வளைவுச் சாலை ஆகாது. நாலு திருப்பம் தாண்டினால் முகம் வெளுத்துவிடும், ஐந்தாவதில் வாந்தி. அதனால் மலைப்பாதை முழுவதும், வண்டியை ஓரம் கட்ட வசதி இருக்கும் என்று தோன்றிய இடமாகப் பார்த்து, நாற்பது நிமிஷத்துக்கு ஒன்று வீதம் இருபத்திரண்டு இடங்களைக் குறித்திருந்தார். மேலே தலைப்பு, ‘அக்கா நிறுத்தம்’. நான் அக்கா என்று கூப்பிடுவதால் அவரும் அப்படியே எழுதிவிட்டார். ஒவ்வொன்றுக்கும் ஏழு நிமிஷம். இறங்க இரண்டு, வாய் கொப்புளித்து முகம் கழுவ மூன்று, வழக்கமாக அவர் கூடச் சேர்க்கிற அந்த இரண்டு.

திட்டம் போட்டு முடித்ததும் கிளம்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மீன் கூடத்துக்கு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் முழுசாக லீவு. எந்திரங்களைப் பிரித்துப் பார்ப்பதற்காக டிசம்பர் கடைசியில் இரண்டு வாரம் மூடுவார்கள். டிப்போவில் புது வருஷ அட்டவணை தயாராவதும் அதே இரண்டு வாரத்தில்தான். அவளுக்கு லீவு கிடைக்கிறபோது அவர் தாளுக்குள் தலையை விட்டிருப்பார். இப்படியே பதினோரு குளிர்காலம் ஓடிப்போயிற்று. பிள்ளை குட்டி இல்லாத வீடு. ரிட்டயர் ஆகட்டும், ரிட்டயர் ஆகட்டும் என்று இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டே நாளைத் தள்ளினார்கள்.

அவர் ஓய்வு பெற்ற வருஷம் அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இரண்டு காலுறை போட இடம் வேண்டும் என்று ஒரு சுற்றுப் பெரிதாகக் கம்பளி வைத்த பூட்ஸ் வாங்கினாள். கால் பழக வேண்டும் என்று அதைப் போட்டுக்கொண்டே வீட்டுக்குள் பெருக்கினாள், சமைத்தாள். வண்டி என்னுடையது, ஓட்டுவதும் நான்தான் என்று முடிவாகியிருந்தது. பெரிய மலையில் வண்டி ஓட்டியதில்லை நான். அதனால் எனக்கும் உள்ளுக்குள் குஷிதான்.

நவம்பரில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தான் மெதுவாக விஷயத்தை எடுத்தார். இந்தக் குளிர்காலம் அவரும் நானும் மட்டும் வெள்ளோட்டம் போய் வருவது. சாலை எப்படி, எங்கே வழுக்கும், எந்த ஊரில் கதகதப்பான அறை கிடைக்கும், கழிவறை எங்கே சுத்தமாக இருக்கும் என்று எல்லாம் பார்த்து வந்துவிட்டால், அடுத்த வருஷம் அக்காவை ஒரு குலுக்கல்கூட இல்லாமல் கூட்டிப்போகலாம். பனிக்காலத்து மலைச்சாலை அது, தெரியாத பாதையில் அவளை வைத்துக்கொண்டு போகத் தன்னால் முடியாது என்றார். தையற்காரரை அவர் மறக்கவே இல்லை.

அக்கா சோற்றில் கையை வைத்தபடி அவரையே பார்த்தாள். அப்புறம் சரி என்று சொல்லிவிட்டு எழுந்து போய், அந்த பூட்ஸைக் கழற்றிப் பரண்மேல் வைத்தாள். அந்த மாதத்தில் அவளுக்கு இருமல் இருந்தது. மீன் கூடத்தில் வேலை பார்க்கிறவர்களில் இருமாதவர் யார் என்று நாங்கள் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளோட்டம் என்றால் எடை வேண்டுமே. அவளை அவர் மீன் கூடத்துக்கே கூட்டிப்போனார். பெட்டிகளை நிறுக்கிற தராசில் ஏறச் சொன்னார். கூட வேலை செய்கிற பெண்களெல்லாம் சுற்றி நின்று, இது முதல் தரமா இரண்டாம் தரமா, ஐஸ் எவ்வளவு போடணும் என்று சிரித்தார்களாம். ஐம்பத்து நாலு கிலோ. சாக்கு ஓட்டையாகி சீட்டெல்லாம் மணல் கொட்டும் என்று நான் முணுமுணுத்ததால், அக்காவே தடித்த கான்வாஸ் துணி வாங்கி, இரட்டைத் தையல் போட்டு ஒரு பை தைத்துக் கொடுத்தாள். தனக்குப் பதிலாகப் போகிற மூட்டையைத் தானே தைத்தாள். அப்போது அது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் நான் வேன் அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். அக்கா வந்து பக்கத்தில் நின்றாள். முதலில் அவள் செருப்பு மட்டும்தான் தெரிந்தது.

“பின்சீட்டு சும்மாதானே போகுது? மூட்டைக்கு பதிலா நானே உக்காந்துக்கறேன். எனக்கு எதுவும் வசதியா இருக்கணும்னு இல்லடா. நீ ஒரு வார்த்தை சொன்னா அவர் கேப்பார்” என்றாள்.

அவள் சொன்னது நிஜம். ஓட்டுநர் மறுத்தால் அத்தானின் எந்தத் திட்டமும் மாறும். அது அவருடைய தொழில் தர்மம். அக்கா வந்தால்தான் வண்டியை எடுப்பேன் என்று நான் சொல்லியிருந்தால், ஒருநாள் முழுக்கத் தாளை வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார், அப்புறம் சம்மதித்திருப்பார். நான் வேனுக்கு அடியிலிருந்து வெளியே வரக்கூட இல்லை. ரோடு எப்படி இருக்கோ தெரியல, அத்தான் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு, அடுத்த வருஷம் ஜம்முனு போகலாம் என்று படுத்தபடியே சொன்னேன். செருப்பு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அப்புறம் திரும்பிப் போயிற்று.

பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். ரோடைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் கிடையாது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சின்ன மலைக்குச் சொந்தக்காரர்களோடு அக்காவையும் கூட்டிப்போனேன். இரண்டு மணி நேரப் பாதையில் ஒன்பது தடவை நிறுத்தினேன். கடைசித் தடவை நிறுத்துவதற்குள் சீட்டிலேயே ஆகிவிட்டது. எல்லோர் முன்னாலும் அவளிடம் கத்தினேன். ஈரத் துணியால் அவளே துடைத்துவிட்டு, கிழியும்வரை அந்தத் துணியைக் கசக்கிக்கொண்டே வந்தாள். எனக்கு அந்தப் பெரிய மலையை நிற்காமல் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அவ்வளவுதான் காரணம்.

அந்த ஆசையும் நிறைவேறவில்லை என்பதுதான் வேடிக்கை. மலை ஏற ஆரம்பித்த நாற்பதாவது நிமிஷத்தில் அத்தான் விசில் ஊதினார். முதல் அக்கா நிறுத்தம். வண்டியில் வாந்தி எடுக்க யாரும் இல்லையே என்றேன். வெள்ளோட்டம்னா வெள்ளோட்டம்தான் மச்சான் என்று இறங்கிவிட்டார். பின்கதவைத் திறந்தார். பெல்ட் போட்டு உட்காரவைத்திருந்த மூட்டையைப் பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்தபடி, காற்று முகத்தில் அறைய, ஸ்டாப்வாட்சோடு ஏழு நிமிஷம் நின்றார். நான் உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போகிற வழியில் இருபத்திரண்டு இடத்திலும் இப்படி நின்றோம்.

படிக்கட்டு ஊருக்கு முன்னால் ஒரு சோதனைச் சாவடி. காவலர் பின்சீட்டைப் பார்த்தார், மூட்டையைக் குத்திப் பார்த்தார், என்ன என்று கேட்டார். அத்தானுக்கு அந்தப் பாஷையில் தெரிந்தது நாலைந்து சொல்தான். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, “என் மனைவி” என்றார். அந்தக் காவலர் எங்கள் இரண்டு பேரையும் இறக்கி, வண்டியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். மணலைக் கொட்டிக் காட்டச் சொன்னபோது அத்தான் கூடவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். எடை குறைந்துவிடுமாம். கடைசியில் காவலர் பையின் வாயைப் பிரித்து, முழங்கைவரை கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு எங்களைப் போகச் சொன்னார். இதைச் சொல்லி நான் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

காலண்டர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது மத்தியானம். அட்டவணைக்கு நாலு நிமிஷம் முன்னதாக. கூரையிலும் கம்பத்திலும் நிறுத்திவைத்த சைக்கிளிலும் பனி. சத்தமே இல்லாத ஊர். டீக்கடைக்கு வெளியே ஒரு மரபெஞ்சு இருந்தது. அத்தான் மூட்டையை இறக்கி பெஞ்சின் ஒரு ஓரத்தில் வைத்தார். பக்கத்தில் தானும் உட்கார்ந்து கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். பதினெட்டு நிமிஷம். எழுதிக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் போனில் ஒரு படம் எடுத்தேன். பனிக்கு நடுவில் அவரும் மூட்டையும்.

அப்புறம் அவளுக்குப் போன் போட்டார். பனி இருக்கிறது, ரொம்ப நன்றாக இருக்கிறது, நீ நினைத்த மாதிரியேதான் என்றார். பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினார். அந்தப் பக்கம் அக்கா இருமிக்கொண்டிருந்தாள். இருமல் நிற்கும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு பனியைப் பார்த்தபடி நின்றார். மருந்து சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வந்தபோது அந்த நோட்டில் எழுதாத பக்கமே இல்லை. எந்த விடுதியில் எந்த அறைக்கு வெயில் முதலில் வரும், எந்தத் திருப்பத்தில் இடது பக்க சீட்டு நல்லது, எங்கே கைகழுவ வெந்நீர் கேட்டால் முகம் சுளிக்காமல் தருவார்கள் என்பதுவரை இருந்தது. இருபத்திரண்டு நிறுத்தங்களில் மூன்றை இடம் மாற்றியிருந்தார். அக்கா வரிவரியாகப் படித்தாள். நான் போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி வாங்கி, காலண்டர் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். மூட்டை சமையலறைப் பின்கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் அடியில் ஈரம் காய்ந்த கறை.

அடுத்த செப்டம்பரில் அவளால் மாடிப்படி ஏற முடியவில்லை. நடுப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நெஞ்சு டாக்டரிடம் போனோம். படங்களை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். நுரையீரல் சுருங்கிக்கொண்டு வருகிறது, இனி விரியாது, குளிர்க்கூடத்துக்கு இனிமேல் போகவே கூடாது. அத்தான் மடியில் அந்த நோட்டு இருந்தது. டிசம்பரில் ஒரு மலைப்பயணம் இருக்கிறது என்று ஆரம்பித்தார். டாக்டர் முடிக்கவே விடவில்லை. மலைக்காற்று கனம் குறைந்தது, அந்த உயரத்தில் இவரால் மூச்சுவிட முடியாது என்றார்.

“நடுவுல தங்கித் தங்கிப் போனா? எத்தனை நாள் கூட்டணும்னு சொல்லுங்க, கூட்டிடறேன்” என்றார் அத்தான்.

நாள் கூட்டுவதில் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். போன வருஷமாக இருந்தால் யோசித்திருக்கலாம் என்று, விஷயம் தெரியாமல் ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அத்தான் நோட்டை மூடினார். பென்சிலைச் சட்டைப் பையில் செருகப் பார்த்தார், அது பைக்கு வெளியிலேயே போய்க்கொண்டிருந்தது. அக்காதான் வாங்கிச் செருகிவிட்டாள்.

அதற்கப்புறம் அவர் பழைய மனிதராக இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை. குளியலறைக் கதவில் ஒட்டியிருந்த அட்டவணையைக் கிழித்துப் போட்டார். நான்தான் அவள் ஆசையைக் கொன்றுவிட்டேன் என்று ஒருநாள் என் தோளில் சாய்ந்து அழுதார். உங்கள் மேல் தப்பே இல்லை என்று நான் தேற்றினேன். தேற்றுகிற தகுதி எனக்கு இருந்ததா என்று அப்போது யோசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், தப்பெல்லாம் அவர் கணக்கிலேயே இருப்பது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

போன மாதம் ஒரு மத்தியானம் அக்கா கூப்பிட்டு அனுப்பினாள். அத்தான் மருந்து வாங்கப் போயிருந்தார். அவள் சமையலறை நாற்காலியில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். பின்கதவைக் காட்டி, மூட்டையை எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்டிவிடச் சொன்னாள். அவர் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துப் பார்த்து நிற்கிறாராம்.

குனிந்து தூக்கினேன். நல்ல கனம்.

“இப்ப நான் அவ்வளவு இல்ல. நாப்பத்தஞ்சுதான்” என்று சிரித்தாள்.

அத்தானும் இப்படி ஒரு பிடிவாதக்காரராக இருந்திருக்க வேண்டாம் என்றேன். சும்மா வாயில் வந்தது. அவள் சிரிப்பு நின்றது. மூச்சு சேரும்வரை காத்திருந்துவிட்டுப் பேசினாள்.

“அவரைச் சொல்லாத. அவர் எனக்காகத்தான் போனார். பயந்துக்கிட்டே போனார். நீ ஏன்டா அன்னைக்கு வாயைத் திறக்கல?”

நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“மூட்டை வாந்தி எடுக்காது. அதானே?”

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். அவள் சமையலறைச் சுவரைப் பார்த்தாள். அங்கே பனியில் அத்தான், பக்கத்தில் மூட்டை, நான் சிரித்துக்கொண்டே எடுத்த படம்.

“எனக்கு அன்னைக்கே தெரியும். வேனுக்குப் பக்கத்துல நின்னுட்டிருந்தேனே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. அவர்கிட்ட சொல்லிடாத. உன்னை ரொம்ப நல்லவன்னு நெனச்சுட்டிருக்கார். போ, அவர் வர்றதுக்குள்ள எடுத்துட்டுப் போ.”

அவள் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மூட்டையைப் பின்சீட்டில் வைத்தேன். கை தானாகப் போய் பெல்ட்டை மாட்டியது. ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில் கொட்டலாம் என்று போனேன். அந்தப் பாதையில் வளைவுகள் உண்டு. நாலாவது வளைவில் கண்ணாடியில் பார்த்தேன், மூட்டை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கினேன். பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன்.

ஏழு நிமிஷம் ஒன்றும் அதிக நேரமில்லை.